டெக்சாஸில் பள்ளி மாறினால் உடனே வார்சிட்டி ஆட முடியுமா?

கேட்டவரின் நிலைமை இது: பையன் பத்தாம் வகுப்பு, டென்னிஸ் ஆடுகிறான். டாலஸ் பக்கம் ஒரே ஐ.எஸ்.டி.க்குள் (பள்ளி மாவட்டம்), வேறு அட்டெண்டன்ஸ் ஸோனில் (முகவரியை வைத்துப் பள்ளி ஒதுக்கும் பகுதி) இருக்கும் ஹைஸ்கூலுக்கு டிரான்ஸ்ஃபர் அப்ரூவ் ஆகிவிட்டது. வீடு மாறவில்லை. வார்சிட்டியில், அதாவது பள்ளியின் முதல்நிலை டீமில், ஆட விடுவார்களா?

இப்போதைக்கு விடமாட்டார்கள். பிராக்டிஸுக்குப் போகலாம், ஜேவியில் (அதற்கு அடுத்த நிலை டீம்) ஆடலாம். வார்சிட்டிக்குப் புதுப் பள்ளியில் சேர்ந்த தேதியிலிருந்து ஒரு முழு வருடம் ஆகவேண்டும்.

"டிரான்ஸ்ஃபரே கொடுத்துவிட்டார்களே, ஆட விடாமல் எப்படி?" என்பதுதான் எல்லாருக்கும் வரும் சந்தேகம். வகுப்பில் இடம் கொடுப்பது ஐ.எஸ்.டி. எடுக்கும் முடிவு. போட்டியில் இறக்குவது யூ.ஐ.எல். விதிப்படி நடப்பது. 1910-ல் தொடங்கி இன்றும் ஆஸ்டினில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் கீழ் இயங்கும் யுனிவர்சிட்டி இன்டர்ஸ்கொலாஸ்டிக் லீக்தான் அது. அரசுப் பள்ளிகளுக்கிடையே நடக்கும் போட்டிகள் அதன் கையில். டிரான்ஸ்ஃபர் ஆபீஸில் இருப்பவர் இதையெல்லாம் விளக்கிக்கொண்டிருக்க மாட்டார், அது அவர் வேலையும் இல்லை.

யூ.ஐ.எல். இரண்டு விஷயம் பார்க்கும். முதலாவது, வீடு. பெற்றோர் அந்தப் பள்ளியின் ஸோனுக்குள் குடியிருக்க வேண்டும். இல்லையென்றால் பையன் அந்தப் பள்ளியில் தொடர்ந்து ஒரு வருடம் படித்திருக்க வேண்டும். ஐ.எஸ்.டி. எல்லைக்குள் வீடு இருந்தால் போதும் என்று நினைக்காதீர்கள். ஃப்ரிஸ்கோ, பிளேனோ மாதிரி பல ஹைஸ்கூல் உள்ள ஊர்களில் தெருவுக்கு அந்தப் பக்கமே வேறு ஸோனாக இருக்கும். இதற்கு ஒரு விலக்கு உண்டு. ஸோன்படி ஒதுக்காமல் மாணவரே பள்ளியைத் தேர்ந்தெடுக்கலாம் என்று ஐ.எஸ்.டி. வைத்திருந்தால், முதல் வாய்ப்பில் தேர்ந்தெடுத்த பள்ளியில் ஆடலாம். அதற்குப் பிறகு மாறினால் ஒரு வருடக் கணக்குதான்.

ஒரு வருடம் என்பது காலண்டர் வருடம், பள்ளி ஆண்டு அல்ல. ஆகஸ்டில் சேர்ந்தால் அடுத்த ஆகஸ்டில் கணக்குத் தீரும். ஜனவரியில் சேர்ந்தால் அடுத்த ஜனவரி வரை ஓடும். பாஸ்கெட்பால் ஆடும் பிள்ளைக்கு ஜனவரி டிரான்ஸ்ஃபர் மிக மோசம்: இந்த சீசனின் பின்பாதியும் போகும், அடுத்த சீசனின் முன்பாதியும் போகும். அமெரிக்கன் ஃபுட்பாலுக்கு அப்படியில்லை, ஒரு சீசனோடு முடிந்துவிடும். டென்னிஸில் டீம் டென்னிஸ் இலையுதிர் பருவத்திலும் தனிநபர் போட்டி வசந்தத்திலும் வருவதால், எப்போது சேர்ந்தாலும் ஒன்றொன்று போகும்.

வீட்டை மாற்றினால் தீர்ந்துவிடுமா? முழுசாக மாற்றினால் தீரும். அரைகுறையாக மாற்றி மாட்டிக்கொள்பவர்கள்தான் அதிகம். வழக்கமான ஏற்பாடு ஒன்று உண்டு: புது ஸோனில் ஒரு சின்ன அப்பார்ட்மெண்டை லீஸுக்கு எடுத்து அப்பாவும் பையனும் அங்கே, அம்மாவும் தங்கையும் பழைய வீட்டிலேயே. இது நிற்காது. தகுதியை முடிவு செய்யும் கமிட்டி (அதில் யார் இருப்பார்கள் என்பது கீழே) கேட்கும் கேள்விகளைப் பாருங்கள்: வீடு சொந்தமா, வாடகையா? லீஸ் நியாயமான காலத்துக்கு இருக்கிறதா? கட்டில், சோஃபா, துணிமணி எல்லாம் எங்கே இருக்கின்றன? தபால் எந்த முகவரிக்கு வருகிறது? வாக்காளர் பதிவு எங்கே? அங்கேயே தொடர்ந்து வாழும் எண்ணம் இருக்கிறதா? பழைய வீடு உங்கள் பெயரிலேயே காலியாகக் கிடந்தால், அல்லது வார இறுதியில் எல்லாரும் அங்கேதான் இருந்தால், புது லீஸ் வெறும் காகிதம்.

எச்-1பி வேலை விசாவில் இருப்பவர்களுக்கு வாக்காளர் பதிவு கிடையாது. அது பாதகமும் இல்லை. அதற்குப் பதில் மின்சார பில், தண்ணீர் பில், புது முகவரியுள்ள டிரைவர் லைசென்ஸ், வங்கிக் கடிதம் எல்லாவற்றையும் ஒரு ஃபோல்டரில் வையுங்கள். குடியுரிமை இல்லாதவர்கள் வீடு மாறிய 10 நாளுக்குள் குடியேற்றத் துறைக்கு முகவரி மாற்றம் தெரிவித்தாக வேண்டும். பள்ளிக்கு ஒரு முகவரி, அங்கே இன்னொரு முகவரி என்று இருந்தால் பிரச்சினை விளையாட்டோடு நிற்காது.

பெற்றோர் விவாகரத்தானவர்கள் என்றால் இருவரில் யாருடைய வீட்டையும் கணக்கில் எடுக்கலாம். விவாகரத்து ஆகாமல் பிரிந்து வாழ்ந்தால் அப்படியில்லை: ஸோனை விட்டுப் போனவரோடு பிள்ளையும் போய்ப் புதுப் பள்ளியில் சேர்ந்தால் ஒரு வருடம் உட்காரவேண்டும், விலக்கு கேட்டு விண்ணப்பிக்கலாம். சித்தப்பா வீட்டில் தங்கிப் படிக்கட்டும் என்றால், முறைப்படி கார்டியன் உத்தரவு வாங்கி அது ஒரு வருடமாவது நடைமுறையில் இருந்திருக்க வேண்டும். சேர்ந்து ஒரு வருடம் முடியும் முன்பே பெற்றோர் ஸோனை விட்டு வெளியேறினாலும் தகுதி போய்விடும். முடிந்த பிறகு வெளியேறினால், ஐ.எஸ்.டி. தொடர்ந்து படிக்க அனுமதிக்கும்வரை ஆட்டத்துக்குக் குறையில்லை.

இரண்டாவது விஷயம், நோக்கம். வீட்டை விற்று, குடும்பத்தோடு முறையாக வந்தவர்கள்கூட இதில் விழுவார்கள். விளையாட்டுக்காகப் பள்ளி மாறியது என்று முடிவானால் குறைந்தது ஒரு வருடம் வார்சிட்டி கிடையாது, வீடு எங்கே இருந்தாலும் சரி. பழைய பள்ளியில் ஆடியவர் புதுப் பள்ளியில் பிரீவியஸ் அத்லெட்டிக் பார்ட்டிசிபேஷன் ஃபார்ம் (முன்பு ஆடிய விவரப் படிவம்) தரவேண்டும். அதில் ஒரு பகுதியை நிரப்புவது பழைய பள்ளி. அங்கே கோச்சோடு தகராறு உண்டா, ஒழுங்கு நடவடிக்கை இருந்ததா, விளையாட்டுக்காகப் போகிறார் என்று நினைக்கிறீர்களா என்றெல்லாம் கேட்டிருக்கும். பழைய கோச் "ஆமாம்" என்று டிக் போட்டால் விவகாரம் டிஸ்ட்ரிக்ட் எக்ஸிக்யூட்டிவ் கமிட்டிக்குப் போகும். அந்தக் கமிட்டியில் உட்கார்ந்திருப்பவர்கள் யார் தெரியுமா? அதே டிஸ்ட்ரிக்டில் (யூ.ஐ.எல். போட்டிக் குழு, ஐ.எஸ்.டி. அல்ல) உங்கள் பள்ளியோடு மோதும் பள்ளிகளின் கண்காணிப்பாளர்கள், அல்லது அவர்கள் அனுப்பும் ஆட்கள். பங்காளிகளே பஞ்சாயத்துப் பண்ணுகிற கதைதான்.

அவர்கள் துருவுவது இவற்றை: புதுப் பள்ளி கோச் முன்கூட்டியே கூப்பிட்டாரா, பழைய கோச் ஆட வாய்ப்பு தரவில்லை என்ற மனக்கசப்பு இருந்ததா, அகாடமி கோச்சோ அதே கிளப் பிள்ளைகளோ அந்தப் பள்ளியில் இருக்கிறார்களா. ஆகவே, டிரான்ஸ்ஃபர் முடிவாகும் முன் புதுப் பள்ளி கோச்சுக்கு "பையன் வரப்போகிறான், பொசிஷன் இருக்கா?" என்று மெசேஜ் அனுப்பாதீர்கள். படிப்பு, வேலை மாற்றம், அலுவலக தூரம் என்று உண்மைக் காரணம் எதுவோ அதற்கு ஆதாரம் வையுங்கள். கம்பெனி ரீலொகேஷன் கடிதம் இருந்தால் அதைவிடத் தெளிவான ஆதாரம் இல்லை. உண்மையிலேயே டென்னிஸுக்காகத்தான் மாற்றுகிறீர்கள் என்றால், ஒரு வருடம் ஜேவி என்று மனதைத் தேற்றிக்கொண்டு மாற்றுங்கள். பொய்த் தகவல் கொடுத்தது வெளியே வந்தால் பையன் தகுதி இழப்பதோடு, அவன் ஆடிய போட்டிகளை டீமும் தோற்றதாகக் கணக்கு வைப்பார்கள். மற்ற பெற்றோர் முகத்தில் பிறகு விழிக்க முடியாது.

நோக்கத்தை ஆள் ஆளாக விசாரிப்பதற்குப் பின்னால் ஒரு வழக்கு இருக்கிறது. முன்பு ஃபுட்பால், பாஸ்கெட்பால் இரண்டிலும் பள்ளி மாறிய எவரானாலும் ஒரு வருடம் உட்காரவேண்டும், விளக்கம் சொல்லவே இடமில்லை. குடும்பம் வெர்மாண்டிலிருந்து ஆஸ்டினுக்குக் குடிபெயர்ந்ததால் வந்த ஒரு மாணவனையும் அப்படி நிறுத்தினார்கள். 1981-ல் டெக்சாஸ் உச்ச நீதிமன்றம் அந்த விதி அரசமைப்புக்கு முரணானது என்று தள்ளியது.

கமிட்டி முடிவு எதிராக வந்தால் ஸ்டேட் எக்ஸிக்யூட்டிவ் கமிட்டிக்கு மேல்முறையீடு உண்டு. வெய்வர் (விதியிலிருந்து விலக்கு) என்பது வேறு பாதை. குடியிருப்பு விதிக்கும் நான்கு வருட விதிக்கும் அது உண்டு. குடும்பத்தின் கையை மீறிய காரணம் காட்டவேண்டும்.

அந்த நான்கு வருட விதியை இந்தியாவிலிருந்து நேராக வருபவர்கள் கவனிக்கவேண்டும். ஒன்பதாம் வகுப்பில் முதல்முறை சேர்ந்த நாளிலிருந்து நான்கு வருடம்தான் ஆட்டம். சென்னையில் ஒன்பதாவது முடித்துவிட்டு வந்த பிள்ளையை, கிரெடிட் (முடித்த பாடங்களின் கணக்கு) சரியில்லை என்று இங்கே மறுபடி ஒன்பதில் போட்டால், பன்னிரண்டாவதில் ஆட்டம் கேள்விக்குறியாகிவிடும். பள்ளிக் கவுன்சிலரிடம் (பாட ஆலோசகர்) மார்க்‌ஷீட்டை முதல் நாளே காட்டிப் பத்தில் போடச் சொல்லிக் கேளுங்கள். வயதும் செப்டம்பர் 1 அன்று 19-க்குக் கீழே இருக்கவேண்டும்.

இதெல்லாம் டெக்சாஸுக்கு மட்டும். கலிஃபோர்னியாவில் வீடு மாறாமல் முதல்முறை பள்ளி மாறினால் பெரும்பாலும் சீசனில் ஒரு பகுதி உட்கார்ந்துவிட்டு ஆடலாம். ஃபுளோரிடாவில் 2016 சட்டத்துக்குப் பிறகு வீடு மாறவேண்டும் என்ற கட்டாயமே பெருமளவு போய்விட்டது. அங்கே இருக்கும் உறவினர் "எங்க பையன் மறுநாளே ஆடினானே" என்று சொன்னால் அவர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம், உங்களுக்கு உதவாது. பள்ளியின் அத்லெட்டிக் கோஆர்டினேட்டரைப் பாருங்கள், ஃபார்மை அவர்தான் தருவார்.