கல்யாணத்துக்கு ஓட்ட வெல்ஃபயர் வாங்கலாமா?

கேள்வி: ஐயா, வணக்கம். பினாங்கு சுங்கை ஆராவில் இருக்கிறேன். வயது 38. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் டெக்னீஷியன். பிடித்தம் போக கைக்கு வருவது 3,900 ரிங்கிட். 2022-ல் பெரோடுவா அல்சா எடுத்தேன். மாதத் தவணை 730 ரிங்கிட், இன்னும் 5 ஆண்டு கட்ட வேண்டும். ஒரு வருடமாக அந்தக் காரை வைத்து என்னென்னமோ வேலை செய்கிறேன். முகூர்த்த நாளில் மணப்பெண் கார், ஒரு நடைக்கு 250. பக்கத்து வீட்டு அத்தையை வாரம் மூன்று நாள் ஜார்ஜ்டவுனில் டயாலிசிஸுக்குக் கூட்டிப் போய் வர, நாளுக்கு 25. தெரிந்தவர்களின் பூனை, நாயை கிளினிக்குக் கொண்டுபோவேன். தைப்பூசத்துக்குக் காவடிச் சட்டங்களை ஏற்றிப் போவேன். காருக்குப் பூ அலங்காரம் செய்வது என் மனைவி. இப்போது ஒரு நண்பர், "பழைய டொயோட்டா வெல்ஃபயர் கார் ஒன்று 140,000-க்கு இருக்கிறது. எடுத்தால் கல்யாணத்துக்கு 600 வாங்கலாம்" என்கிறார். அல்சா வீட்டுக்கு இருக்கட்டும் என்று நினைக்கிறேன். தை மாதத்தில் இரண்டு கல்யாணத்துக்கு முன்பணமும் வாங்கிவிட்டேன். என்ன செய்யலாம்?

பதில்: வெல்ஃபயர் வேண்டாம். அதற்கு முன்னால், இப்போது ஓடும் அல்சாவைப் பற்றியே அவசரமாகப் பேச வேண்டியிருக்கிறது.

காரை வைத்து நம்மவர்கள் செய்யும் வேலைகளுக்குக் குறைவே இல்லை. காரின் பின்பெட்டியைத் திறந்து வைத்து காபி விற்கிறார்கள், தீபாவளிக்கு முறுக்கு டின் ஏற்றி வீடு வீடாகப் போகிறார்கள், தேர்தல் வந்தால் கூரையில் ஒலிபெருக்கி கட்டி ஓட்டுகிறார்கள். உழைக்கத் தெரிந்தவர்களின் கையில் கார் சும்மா நிற்காது. ஆனால் உங்கள் வீட்டு டிராயரில் இருக்கும் காப்புறுதிச் சான்றிதழை ஒருமுறை எடுத்துப் படியுங்கள். எந்தெந்தப் பயன்பாட்டுக்குப் பாதுகாப்பு என்று சொல்லும் ஒரு சிறு பத்தி அதில் இருக்கும். தனியார் கார் பாலிசியில் வழக்கமாக வருவது இதுதான்: சொந்தத் தேவைக்கும் பாலிசிதாரரின் சொந்த அலுவலுக்கும் சரி, வாடகைக்கோ கூலிக்கோ ஓட்டினால் பாதுகாப்பு இல்லை. வியாபாரத்துக்காகச் சரக்கு ஏற்றுவதும், சாம்பிள் தவிர, விலக்கப்பட்டிருக்கும். மணப்பெண்ணை ஏற்றிக்கொண்டு பாலத்தில் போகும்போது பின்னால் ஒருவர் இடித்தார் என்றால் அவருடைய காப்புறுதி பார்த்துக்கொள்ளும். தவறு உங்களுடையது என்றால்? உங்கள் கம்பெனி முதலில் கேட்பது, கார் எதற்காக ஓடியது என்பதுதான். பயணிகளுக்கான சட்டப் பொறுப்பு என்று ஒரு கூடுதல் காப்பு வாங்கியிருந்தாலும், கூலிக்கு ஓட்டியது தெரிந்தால் அது கை கொடுக்கும் என்று நம்பியிருக்க முடியாது. கோளாறு வருகிற அந்த ஒரு நாள், வருடம் முழுக்கச் சேர்த்ததோடு வீட்டுச் சேமிப்பையும் சேர்த்துக் கொண்டுபோய்விடும்.

சட்டமும் இதே பக்கம்தான் நிற்கிறது. உரிமம் இல்லாமல் காசுக்கு ஆள் ஏற்றுவதைத்தான் நாம் காலங்காலமாக கெரெத்தா சாப்பு என்கிறோம். 2010-ஆம் ஆண்டின் தரைப் பொதுப் போக்குவரத்துச் சட்டப்படி அது குற்றம். காரையே பறிமுதல் செய்யலாம். முறையாகச் செய்ய வழி இருக்கிறது. ஈ-ஹெய்லிங், அதாவது ஆப் வழி வாடகைக் கார், ஓட்ட பி.எஸ்.வி. என்ற பொதுச் சேவை வாகன உரிமம் எடுக்க வேண்டும், காருக்கு அனுமதி எடுக்க வேண்டும், 3 ஆண்டு தாண்டிய கார் என்றால் வாகனச் சோதனைக்குப் போக வேண்டும், காப்புறுதியில் ஈ-ஹெய்லிங் காப்பும் சேர்க்க வேண்டும். ஆனால் அது ஆப் வழியாக வரும் பயணங்களுக்கு மட்டும். வாட்ஸ்அப்பில் பேசிக்கொண்ட கல்யாணத்துக்கு அந்த அனுமதி பொருந்தாது.

இனி கணக்கு. அல்சா மாதிரி ஒரு காருக்கு பெட்ரோல், டயர், 10,000 கிலோமீட்டருக்கு ஒரு சர்வீஸ், ஓட ஓட மதிப்பு குறைவது எல்லாம் சேர்த்து கிலோமீட்டருக்கு 35 சென் என்று நான் வைப்பேன். நிறைய பேர் பெட்ரோலை மட்டும் எண்ணிவிட்டு மீதியை லாபம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். அந்த பெட்ரோலும் மைகார்டு அடையாள அட்டை காட்டி லிட்டர் 1.99 ரிங்கிட்டுக்குப் போடும் மாத அளவு தீர்ந்தால் விலை ஏறிவிடும்.

அத்தையின் டயாலிசிஸையே பாருங்கள். சுங்கை ஆராவிலிருந்து ஜார்ஜ்டவுன் சுமார் 15 கிலோமீட்டர். கொண்டுபோய் விட்டு, வீடு திரும்பி, நாலு மணி நேரம் கழித்து மறுபடி போய்க் கூட்டி வந்தால் 60 கிலோமீட்டர். 35 சென் கணக்கில் 21 ரிங்கிட் காருக்கே போய்விட்டது. மிச்சம் 4 ரிங்கிட். பார்க்கிங் கட்டினால் அதுவும் இல்லை. இந்த வேலையில் நீங்கள் சம்பாதிக்கவே இல்லை, ஆனால் ஆபத்து முழுவதும் உங்கள் தலையில். அத்தைக்கு உதவுவது நல்ல மனசு, அதைக் கைவிடச் சொல்ல மாட்டேன். உங்களால் முடிந்த ஒரு நாளைப் பணம் வாங்காமல் அழைத்துப் போங்கள். மற்ற இரண்டு நாளுக்கு அவர்கள் பிள்ளைகள் ஈ-ஹெய்லிங் பதிவு செய்து கொடுக்கட்டும். இதை அவர்களிடம் நேரில் சொல்லிவிடுங்கள், தப்பாக நினைக்க மாட்டார்கள். காவடியும் அப்படித்தான். தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு வேண்டுதலோடு போகிறவரின் சட்டத்தை ஏற்றிப் போவதற்குக் காசு பேச வேண்டாம், புண்ணியக் கணக்கில் இருக்கட்டும். பூனை, நாய் வேலை சிறியதுதான். அதையும் கூலிக்குச் செய்தால் அதே காப்புறுதிக் கேள்வி வரும், விட்டுவிடுங்கள்.

கல்யாணக் கார் மட்டும் உண்மையிலேயே காசு தருகிறது. பட்டர்வொர்த் மண்டபம் வரை போய் வந்து மொத்தம் 80 கிலோமீட்டர் என்றால் 28 ரிங்கிட். தீவுக்குத் திரும்பும்போது பாலத்தில் 5.74. கார் வாஷ் 15. மீதி சுமார் 200, ஒன்பது மணி நேர வேலைக்கு. மோசமில்லை. இந்த இடத்தில்தான் நண்பர் வெல்ஃபயரைக் கொண்டுவருகிறார்.

பத்து விழுக்காடு முன்பணம் கட்டி 126,000 கடன், 7 ஆண்டு, முழுக் கடனுக்கும் ஆண்டுக்கு 4 விழுக்காடு நிலையான வட்டி என்று போட்டுப் பார்த்தேன். மாதம் 1,920 ரிங்கிட். அல்சா தவணையோடு சேர்த்தால் 2,650. உங்கள் கைச்சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்கு இரண்டு காருக்கே போகிறது. வெல்ஃபயர் தவணையை மட்டும் அடைக்க வருடத்துக்கு 39 கல்யாணம் ஓட வேண்டும், 600 வீதம், பெட்ரோலும் காப்புறுதியும் சேர்க்காமலே. நம் ஆட்கள் ஆடியில் கல்யாணம் வைப்பதில்லை, புரட்டாசியிலும் மார்கழியிலும் பெரும்பாலும் இல்லை. தவணைக்கு ஆடியும் தெரியாது, மார்கழியும் தெரியாது. மீதி மாதங்களிலும் நல்ல முகூர்த்தம் ஞாயிற்றுக்கிழமையில் விழுந்தால் எல்லாரும் அதே நாளுக்குத்தான் கேட்பார்கள். ஒரு காரை ஒரு கல்யாணத்துக்குத்தான் அனுப்ப முடியும். தொடர்ந்து இரண்டு தவணை தவறினால் 1967-ஆம் ஆண்டின் வாடகைக் கொள்முதல் சட்டப்படி வங்கி காரை எடுக்கும் வேலையைத் தொடங்கலாம். நீதிமன்ற உத்தரவு வாங்க வேண்டிய கட்டாயம், நீங்கள் 75 விழுக்காடு கட்டிய பிறகுதான் அவர்களுக்கு வருகிறது.

உங்கள் கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் சொன்ன ஒரு வரிதான் எனக்குப் பெரிதாகப்பட்டது. பூ அலங்காரம் செய்வது மனைவி. அந்த 250 ரிங்கிட்டில் மாப்பிள்ளை வீட்டார் உங்கள் அல்சாவுக்கு எவ்வளவு கொடுக்கிறார்கள், பூவுக்கு எவ்வளவு கொடுக்கிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள். இப்போது பல கல்யாணங்களில் மாமாவோ சித்தப்பாவோ யாராவது ஒருவர் நல்ல காரோடு இருக்கிறார். குறை ஒன்றே ஒன்றுதான்: அதை அழகாகக் கட்டத் தெரிந்த ஆள் இல்லை. கண்டபடி செல்லோடேப் ஒட்டி, வெயிலில் நின்ற பிறகு பிய்க்கும்போது பானட் பெயின்ட்டில் பசை அப்படியே தங்கிவிடுகிறது. ரப்பர் உறிஞ்சிகளை வைத்து, வலையில் பூவைக் கோர்த்து, ரிப்பனைக் கதவு இடுக்கில் இழுத்துக் கட்டினால் ஒரு கீறல் விழாது. உங்கள் மனைவிக்கு அது கை வந்த கலையாக இருக்கும்.

அதனால் என் யோசனை இது: உங்கள் காரை வாடகைக்கு விடுவதை நிறுத்துங்கள், அவர்கள் காரை அலங்கரித்துக் கொடுங்கள். ஆள் ஏற்றவில்லை. முகூர்த்தத்துக்கு முந்தின நாள் மாலையும் அன்று விடியற்காலையும் சேர்த்தால் நாலைந்து வண்டி கட்டலாம், ஒரே முகூர்த்தம் என்ற தொல்லையும் இல்லை. சொந்தப் பூவையும் சாமானையும் அல்சாவில் ஏற்றிப் போவது உங்கள் பாலிசியில் எப்படி எடுத்துக்கொள்ளப்படும் என்பதை மட்டும் ஏஜெண்டிடம் கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்கி வையுங்கள். வாய்ச்சொல் போதாது.

தொழிலை மனைவி பெயரிலேயே நிறுவன ஆணையமான எஸ்.எஸ்.எம்.-இல் பதிவு செய்யுங்கள். வணிகப் பெயர் வைத்தால் ஆண்டுக்கு 60 ரிங்கிட், சொந்தப் பெயரிலேயே என்றால் 30. வருமானம் அவருடையது, வரிக்கு பி பாரம், கடைசித் தேதி ஜூன் 30. பூ, ரிப்பன் வாங்கிய ரசீதை 7 ஆண்டு வைத்திருக்க வேண்டும். ஊழியர் சேமநிதியான இ.பி.எஃப்.-இல், சுயதொழில் செய்பவர்களுக்கான ஐ-சரான் திட்டத்தில் அவர் தன் பெயரில் பணம் போட்டு வந்தால் அரசாங்கம் 20 விழுக்காடு சேர்க்கிறது, ஆண்டுக்கு உச்சம் 500 ரிங்கிட். வீட்டில் இருந்து உழைக்கும் ஒரு பெண்ணுக்கு ஓய்வுக்கால சேமிப்பு தன் பெயரிலேயே வளர்வது எனக்கு முக்கியமாகப்படுகிறது.

தை மாதத்துக்கு வாங்கிய முன்பணத்தை இந்த வாரமே பேசி முடித்துவிடுங்கள். இரண்டு வீட்டாரையும் அழைத்து, உங்கள் காரில் மணப்பெண்ணை ஏற்ற முடியாது, ஆனால் அவர்கள் சொல்லும் காரை அதே பூ அலங்காரத்தோடு கட்டித் தருகிறோம், தொகையைக் குறைத்துக்கொள்கிறோம் என்று சொல்லுங்கள். ஒத்துக்கொள்ளாவிட்டால் முன்பணத்தைத் திருப்பிக் கொடுங்கள். வேறு வண்டி பார்க்க அவர்களுக்கும் நேரம் வேண்டும்.