பிரஸ் (அழுத்தி ஏற்றும் மெஷின்) இல்லாமல் வீட்டிலேயே யமஹா ஆர்எக்ஸ் 100 பைக்கின் கிராங்க் பேரிங் மாட்ட முடியுமா? சுத்தியலால் தட்டினால் போதுமா?

முடியும். ஆனால் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு மீதியைப் படியுங்கள். நீங்களும் என்னைப் போல அப்பாவின் வண்டியைத்தான் பிரித்து வைத்திருப்பீர்கள். 1996-லேயே உற்பத்தி நின்றுபோன வண்டி, கிராங்க் கேஸ், அதாவது கிராங்கும் பேரிங்கும் உட்காரும் அலுமினிய எஞ்சின் கூடு, போனால் நல்லதாக இன்னொன்று தேடி அலைய வேண்டும்.

2009-ல் நான் தட்டித்தான் ஏற்றினேன். பேரிங் என்பது இரண்டு வளையம், நடுவில் குண்டுகள். சாக்கெட் ஒன்றை உள்வளையத்தின் மேல் வைத்து நாலு அடி. பேரிங் சரியாக உட்கார்ந்த மாதிரிதான் இருந்தது. 300 கிலோமீட்டர்கூட ஓடவில்லை, அடியிலிருந்து ஒரு உறுமல். மறுபடி பிரித்து, பேரிங்கைக் கழுவி விரலால் சுற்றினால் நின்று நின்று போகிறது. குண்டுகளைப் பிடித்திருக்கும் கூண்டை உடைத்துப் பார்த்தேன். குண்டு ஓடும் தடத்தில் சம இடைவெளியில் சின்னச் சின்னப் பள்ளங்கள், நகத்தை ஓட்டினால் தட்டுப்பட்டது. கேஸைப் பிடித்திருப்பது வெளிவளையம், நான் அடித்தது உள்வளையத்தில். அத்தனை அடியும் குண்டுகள் வழியாகத்தான் இறங்கியிருக்கிறது.

கோவை கணபதியில் லேத் வைத்திருந்த ஒரு பெரியவரிடம் அதைக் கொண்டுபோய்க் காட்டினேன். "அதைய நீ தள்ளக் கூடாது கண்ணு, அதுவா எறங்கோணும்" என்றார். அன்றைக்கு அவர் சொல்லிக் கொடுத்ததைத்தான் இன்றுவரை செய்கிறேன்.

முதல் நாள் ராத்திரியே பேரிங்கில் 2டி ஆயில் (டூ ஸ்ட்ரோக் எஞ்சின் ஆயில்) தடவி, கவரில் சுற்றி ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள். கேஸை பெட்ரோல் வாடையே இல்லாமல் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், அடுப்புப் பக்கம் போகப் போகிறது. அப்புறம் பெரிய இட்லிக் குண்டானில் கால் மணி நேரம் ஆவியில் வையுங்கள். 52 மி.மீ. வெளிவிட்டம் உள்ள 6205 பேரிங்கை உதாரணத்துக்கு எடுத்தால், அலுமினியத் துளை சுமார் 0.08 மி.மீ. விரியும், ஃப்ரீசரில் பேரிங் 0.03 மி.மீ. சுருங்கும். பேரிங் பிடித்துக்கொண்டிருப்பதே அந்த இம்மி அளவில்தான். கேஸை வெளியே எடுத்து, துளையைத் துடைத்து, பேரிங்கை நேராக விட்டால் 'டொப்' என்று அடியில் போய் உட்காரும். கோணலாகச் சிக்கினால் அடிக்காதீர்கள், திரும்பச் சூடு பண்ணுங்கள்.

பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்கும் தண்டுதான் கிராங்க். அதைப் பேரிங்கில் ஏற்றும்போது இன்னும் கவனம் வேண்டும். அதன் இரண்டு பாதிகளும் ஒரு பின்னில் அழுத்திச் சேர்த்தவை. நுனியில் ஓங்கி ஓர் அடி விழுந்தால் நேர்கோடு போய்விடும். இழுத்து ஏற்றும் டூலை வாடகைக்காவது வாங்குங்கள். கட்டுவதற்கு முன் கிராங்கை லேத்தில் மாட்டி, ஆட்டத்தை அளக்கும் டயல் கேஜ் வைத்துப் பாருங்கள், 0.03 மி.மீ.க்கு மேல் ஆடினால் நான் கட்ட மாட்டேன்.

முப்பது வருஷமாகத் தட்டியே ஏற்றும் மெக்கானிக்குகள் இருக்கிறார்கள், தெரியும். எந்த வளையத்தில், எவ்வளவு அடி என்பது அவர்கள் கைக்குத் தெரியும். முதல் தடவை பிரிப்பவருக்காகத்தான் இதை எழுதுகிறேன், சண்டைக்கு வர வேண்டாம்.

நான் ஐடிஐ ஃபிட்டர். விசேஷ வீடுகளில் "ஐடிஐதானா" என்று இழுக்கும் சொந்தக்காரர்கள் எனக்கு இன்னும் இருக்கிறார்கள். மோட்டார் நின்று தண்ணீர் ஏறாத அன்றைக்கு மட்டும் ராத்திரி பத்து மணிக்கு போன் வரும். அவர்கள் பிள்ளைகளில் ஒருவனுக்கும் வெர்னியர் அளவுகோல் பார்க்கத் தெரியாது. அரம் பிடித்து ஒரு இரும்புத் துண்டைச் சதுரமாக்க ஒரு மாதம் நின்றவனுக்குத்தான் அந்தப் படிப்பு என்னவென்று தெரியும். கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

வாங்கும்போது பேரிங்கில் சி3 என்று பொறித்திருக்கிறதா என்று பாருங்கள். உள்ளே இடைவெளி சற்று அதிகம் விட்டது, எஞ்சின் சூட்டுக்கு அதுதான் வேண்டும். இரு பக்கமும் ரப்பர் மூடியிட்டதைத் தந்தால் திருப்பிக் கொடுங்கள், பெட்ரோலோடு வரும் ஆயில் குண்டுக்குப் போய்ச் சேராது. ஆயில் சீல் இரண்டையும் புதிதாகப் போடுங்கள்.