நார்வே தன் வளர்ப்புச் சால்மனை ஏன் முழு மீனாகவே ஏற்றுமதி செய்கிறது?

நார்வே தன் வளர்ப்புச் சால்மனை உள்நாட்டில் பதப்படுத்தாமல், குடல் நீக்கிய முழு மீனாகவே பெரும்பாலும் அனுப்புவது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். முதன்மைக் காரணம் சுங்கவரி: ஐரோப்பிய ஒன்றியம் முழுச் சால்மனுக்கு 2 விழுக்காடும், புகையூட்டிய சால்மனுக்கு 13 விழுக்காடும் வரி விதிப்பதால், புகையூட்டல் போன்ற மதிப்புக் கூட்டும் வேலை, ஒன்றியத்துக்குள்ளேயே கூலி குறைந்த போலந்து போன்ற நாடுகளின் ஆலைகளுக்கு நகர்ந்துவிடுகிறது. தலைக்கும் எலும்புக்கும் சேர்த்தே சரக்குக் கட்டணம் செலுத்த வேண்டியிருப்பதோடு, மீன்மாவாகவும் எண்ணெயாகவும் மாறக்கூடிய அந்தக் கழிவின் வருவாயும் வெளியே போய்விடுகிறது. இதை நான் பெரிய இழப்பாகவே கருதுகிறேன். காயமோ உருக்குறையோ உள்ள மீனை உள்நாட்டில் சீர்செய்த பிறகே ஏற்றுமதி செய்யலாம் என்ற நார்வேயின் விதி அங்குள்ள ஆலைகளுக்கு ஓரளவு வேலை தருகிறது. ஆனால், குளிர்காலத்தில் தோல் புண்கள் மிகுந்து அத்தகைய மீனின் வரத்து பருவத்துக்கேற்ப ஏறி இறங்குவதால், அதை மட்டுமே நம்பி முதலீடு செய்வது கடினம்.