விகடகவியைத் திருப்பிப் போட்டால்

அன்புள்ள அண்ணா,

களுவாஞ்சிகுடியில் இருந்து எழுதுகிறேன். உயர்தரத்தில் ஐசிடி ஒரு பாடமாக எடுக்கிறேன். ரியூசனில் இப்போது பைதன் என்ற கொம்பியூட்டர் மொழி போகிறது. போன கிழமை யூடியூப்பில், வேண்டுமென்றே கஷ்டமாகச் செய்த கொம்பியூட்டர் மொழிகளைப் பற்றி ஒரு வீடியோ பார்த்தேன். ‘பிளீஸ்’ போடாவிட்டால் ஓடாத மொழி ஒன்று. வெறும் இடைவெளியாலேயே எழுதுகிற மொழி இன்னொன்று. சிரிப்புத் தாங்காமல் வாப்பாவிடம் காட்டினால், “படிச்ச ஆக்களுக்கு வேற வேலை இல்லையா?” என்று கேட்டுவிட்டார். எனக்கும் பதில் வரவில்லை. உண்மையிலேயே வேலையில்லாமல்தான் செய்தார்களா? சோதனை வருகிற நேரத்தில் நான் இதையெல்லாம் பார்ப்பது வீண்தானா?

— உயர்தர மாணவி ஒருவர்

அன்புள்ள தங்கச்சி,

வாப்பா கேட்டதில் பாதி நியாயம் இருக்கிறது. இந்த மொழிகளைப் படித்து ஒருவரும் வேலை எடுக்க முடியாது. ஆனால் செய்தவர்கள் வேலையில்லாதவர்கள் இல்லை.

நீங்கள் பார்த்த ‘பிளீஸ்’ மொழியின் பெயர் இன்டர்கால். 1972இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் டொன் வூட்ஸ், ஜேம்ஸ் லயன் என்ற இரண்டு மாணவர்கள், அன்றைய மொழிகளைக் கிண்டலடிக்கச் செய்தது. கட்டளைகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றுக்காவது பிளீஸ் இருக்க வேண்டும். குறைந்தால் மரியாதை போதாது என்று, அந்தக் கட்டளைகள் சேர்ந்த நிரலைத் திருப்பி அனுப்பும். மூன்றில் ஒன்றைத் தாண்டினால் குழைவு கூடிப்போயிற்று என்று அதற்கும் திருப்பி அனுப்பும். கந்தோர்களுக்குக் கடிதம் கொண்டு அலைந்த எவருக்கும் இந்தக் கணக்கு நன்றாகவே விளங்கும். இப்படி ஒரு விதி இருப்பதை ஆரம்பத்தில் கையேட்டில் எழுதவும் இல்லை! இதே வூட்ஸ்தான் மறுகா, 1977இல், ‘அட்வெஞ்சர்’ என்ற குகை விளையாட்டை விரித்து எழுதினார். எழுத்தை வாசித்து, எழுத்தாலேயே பதில் சொல்லி ஆடும் விளையாட்டுகளுக்கெல்லாம் அது முன்னோடி.

இடைவெளி மொழி வைட்ஸ்பேஸ். 2003 ஏப்ரல் முதலாம் திகதி வந்தது, முட்டாள்கள் தினம் பார்த்துத்தான். இடைவெளி, ராப் (Tab), புதுவரி இந்த மூன்றைத்தான் அது படிக்கும். மற்ற எழுத்து எதையும் கண்டுகொள்ளாது. உங்கள் தமிழ்ப் பாடக் கட்டுரையின் சொற்களுக்கு நடுவில் ஒரு முழு நிரலை ஒளித்துவைக்கலாம். அச்சடித்துக் கொடுத்தால் சேருக்குக் கட்டுரை மட்டும்தான் தெரியும். இதைச் செய்த இருவரில் ஒருவரான எட்வின் பிரேடி, பிறகு இட்ரிஸ் என்ற மொழியை உருவாக்கினார். ஒரு நிரல் சொன்னபடி நடக்கும் என்பதை ஓடவிடுவதற்கு முன்பே நிரூபிக்க இடம் தருகிற மொழி அது.

சமையல் குறிப்பு மாதிரி எழுதுகிற ஒரு மொழியும் உண்டு. அது எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. ஒருமுறை சிரித்தால் தீர்ந்துவிடும், வேடிக்கை உடுப்பில் மட்டும் இருப்பதால். எனக்குப் பிடித்தது இன்னொன்று. பெயரில் கெட்ட வார்த்தை இருப்பதால் இங்கே எழுதவில்லை, வீட்டிலும் சத்தமாகச் சொல்ல வேண்டாம். 1993இல் ஊர்பன் முல்லர் செய்தது. மொத்தம் எட்டுக் குறிகள்தான். இதைப் பாருங்கள்:

++++++++[>++++++++<-]>+.

வரிசையாகப் பெட்டிகள் இருக்கின்றன, எல்லாவற்றிலும் பூச்சியம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் பெட்டியில் எட்டுத் தரம் ஒன்று கூட்டுகிறோம். அடைப்புக்குறிக்குள் இருப்பது, அந்தப் பெட்டி பூச்சியமாகும் வரை திரும்பத் திரும்ப நடக்கும்: பக்கத்துப் பெட்டிக்குப் போ, எட்டுக் கூட்டு, திரும்பி வா, ஒன்று கழி. முடியும்போது பக்கத்துப் பெட்டியில் 64. அங்கே போய் இன்னும் ஒன்று கூட்டினால் 65. கடைசிப் புள்ளி அதை அச்சிடும். கொம்பியூட்டரில் 65 என்பது ஆங்கிலப் பெரிய ‘ஏ’ எழுத்தின் எண். ஒரு எழுத்தை அச்சிட இவ்வளவு பாடு. ஆனால் கொள்கையளவில், பைதன் செய்கிற எந்தக் கணக்கையும் இந்த எட்டுக் குறிகளாலேயே செய்யலாம். டியூரிங் இயந்திரம் என்று புத்தகங்களில் வருகிற கற்பனைக் கொம்பியூட்டரைக் கையால் தொட்டுப் பார்க்க இதைவிட மலிவான வழி எனக்குத் தெரியாது.

சரி, பைதனுக்கே வருவோம். அந்தப் பெயர் பாம்பிலிருந்து வந்ததல்ல. மொன்ரி பைதன் என்ற பிரித்தானிய நகைச்சுவைக் குழுவிலிருந்து வந்தது. அதனால் அதற்குள்ளும் குறும்பு உண்டு. நமக்கென்று தனியாக ஒரு குறும்பும் இருக்கிறது. முன்னாலும் பின்னாலும் ஒன்றாக வாசிக்கிற சொல்லுக்கு நாம் முதலில் சொல்லும் உதாரணம் விகடகவி. அதைப் பைதனில் கொடுத்து, சரத்தை, அதாவது எழுத்துத் தொடரை, திருப்புகிற [::-1] போட்டுப் பாருங்கள். அதே சொல் வராது. முதலில் ஒட்டுவதற்கு எழுத்தில்லாமல் ஒரு விசிறி (இகரக் குறி) தனியே நிற்கும். பிறகு வ, க, ட, கி, வ. நீளம் கேட்டால் ஐந்து சொல்லாது, ஏழு சொல்லும்.

காரணம், எழுத்துகளுக்கு எண் கொடுக்கிற யூனிகோட் என்ற முறையில் ‘வி’ ஒரு எழுத்தல்ல: ‘வ’ ஒரு குறியீடு, விசிறி இன்னொரு குறியீடு. பைதன் குறியீடுகளைத் திருப்புகிறது, நாம் எழுத்துகளைத் திருப்புகிறோம். இதைத் தெரியாமல் பெயர்ப் பட்டியல் மென்பொருள் எழுதுகிறவர்தான், பெயரை வெட்டும் இடத்தில் குற்றை (மெய்யெழுத்தின் மேல் புள்ளியை) தொலைத்து ‘கண்ணன்’ என்பவரைக் ‘கண்ணன’ ஆக்கிவிடுவார். வேடிக்கை வேலைக்கு வருகிற இடம் இதுதான் என்று வாப்பாவிடம் சொல்லலாம்.

சோதனை முடியும்வரை கிழமைக்கு ஒரு பின்னேரம் போதும் இதற்கு. முதலில், விசிறி, அரவு (ஆகாரக் குறி), குற்று எல்லாவற்றையும் அதனதன் எழுத்தோடு சேர்த்துக் கட்டிவிட்டுத் திருப்புகிற ஒரு நிரல் எழுதுங்கள். விகடகவி சரியாக வரும். மறுகா ‘மோரு தாருமோ’ கொடுங்கள், நடுவில் உள்ள இடைவெளியை எடுத்துவிட்டு. அதில் ஒரு பொறி இருக்கிறது. ‘மோ’வின் ஓகாரக் குறியை யூனிகோட்டில் ஒரே குறியீடாகவும் எழுதலாம், இரட்டைக் கொம்பும் அரவுமாக இரண்டு குறியீடாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்று. முதல் ‘மோ’வை ஒரு விதமாகவும் கடைசி ‘மோ’வை மற்ற விதமாகவும் எழுதிவைத்தால், நீங்கள் கவனமாக எழுதிய நிரலும் ‘இல்லை, ஒன்றாக இல்லை’ என்றுதான் சொல்லும். அதை எப்படிச் சரிக்கட்டினீர்கள் என்று அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.

அன்புடன்,
அண்ணா, மட்டக்களப்பு