கேள்வி – பதில்: சாந்தில்லாத தூண்களும் நிலநடுக்கமும்

கேள்வி: 2004 டிசம்பர் 26 காலையில், பினாங்கில் நாங்கள் அப்போது குடியிருந்த அடுக்குமாடி வீடு ஊசலாடியதை நான் இன்னும் மறக்கவில்லை. அண்மையில் ஏதென்ஸ் நகரில், சாந்தே இல்லாமல் கல்மேல் கல்லாக அடுக்கிக் கட்டிய பார்த்தெனோன் கோயிலில் சாரம் கட்டிப் புதுப்பிப்பு வேலை நடப்பதைப் பார்த்தேன். நிலநடுக்கம் மிகுந்த நாட்டில் அந்தத் தூண்கள் எப்படி நின்றன? இந்த வேலை அவற்றுக்கு வலிமை சேர்க்குமா, கெடுதல் செய்யுமா?
— ஒரு வாசகி, பட்டர்வொர்த்

பதில்: தங்களால் அசைய முடிகிறது என்பதனாலேயே அந்தத் தூண்கள் நிற்கின்றன. பார்த்தெனோனின் வெளிச்சுற்றுத் தூண் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 10.4 மீட்டர் உயரமும், அடியில் 1.9 மீட்டர் விட்டமும் கொண்டது. பத்துப் பன்னிரண்டு பளிங்கு உருளைகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, இடையில் சாந்து எதுவும் பூசாமல் எழுப்பப்பட்டது. உருளைகளின் நடுவில் செருகிய மரக்கட்டையும் முளையும், கற்களை நேராகப் பொருத்துவதற்கு உதவினவே தவிர, அவற்றை இறுகப் பிணைக்கவில்லை. இழைத்துத் தேய்த்த பரப்புகள் எவ்வளவு நெருக்கமாகப் படிந்திருந்தன என்றால், ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேல் கழித்துத் தூண்களைப் பிரித்தபோது, காற்றுப் புகாத அந்தக் குழிகளில் மரம் உளுத்துப் போகாமல் இருந்தது. அந்தக் கொத்தர்களின் கைத்திறனை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கிறது.

நிலம் பக்கவாட்டில் அதிரும்போது, உருளைகள் சற்றே வழுக்குகின்றன. அவற்றின் விளிம்புகள் மாறி மாறித் தூக்கித் தாழ்கின்றன. வழுக்கும்போது உராய்விலும், தூக்கிய விளிம்பு மீண்டும் மோதும்போதும் அதிர்வின் ஆற்றல் செலவாகிவிடுகிறது. நிலத்தின் முடுக்கம் புவியீர்ப்பில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கை எட்டினால் இவ்வளவு ஒல்லியான தூண் ஆடத் தொடங்கிவிடும் என்று எளிய கணக்கே சொல்லும். ஆனால் ஆடத் தொடங்குவது வேறு, சாய்ந்து விழுவது வேறு. எடைமையம் அடிவிளிம்பைத் தாண்டுவதற்குள் நிலம் எதிர்த்திசையில் திரும்பிவிட்டால் தூண் மீண்டும் நிமிர்ந்துகொள்ளும். மேலும், ஊஞ்சலைப் போல அதற்கு ஒரே சீரான ஆட்டக்காலம், அதாவது ஒருமுறை ஆடித் திரும்பும் நேரம், கிடையாது. ஆட்டம் பெரிதாகப் பெரிதாகக் காலமும் நீள்வதால், ஒரே தாளத்தில் தொடர்ந்து தள்ளி அதைப் பெரும் ஆட்டத்துக்குக் கொண்டுபோவது கடினம். ஒரே வடிவமுள்ள இரண்டு கட்டைகளில் பெரியதைச் சாய்ப்பதே அரிது என்பதை ஹவுஸ்னர் என்ற பொறியியலாளர் 1963-இல் கணக்கிட்டுக் காட்டினார்.

தங்கள் பினாங்கு அனுபவமும் இதனோடு தொடர்புடையதே. சுமத்ரா கடற்பகுதியிலிருந்து தொலைவு கடந்து வரும் அலைகளில் வேகமான அதிர்வுகள் வழியிலேயே அடங்கிவிட, மெதுவான நீண்ட ஆட்டங்கள் மட்டும் எஞ்சுகின்றன. உயர்ந்த கட்டடங்களின் ஆட்டக்காலம் அவற்றோடு ஒத்துப்போவதால், வரிசை வீடுகளில் இருப்போர் எதையும் உணராதபோதும் மேல்மாடிகள் ஊசலாடுகின்றன. கிரேக்கத் தூண்களுக்கும் இத்தகைய மெதுவான ஆட்டமே பெரிய ஆபத்து. அது தூணை ஒரு பக்கமாகத் தள்ளி, திரும்பி நிமிர நேரம் கொடுக்காமல் தள்ளிக்கொண்டே போகும். உருளையின் விளிம்பு உடைந்திருந்தாலும், அடிக்கல் சிதைந்திருந்தாலும் நிலைமை இன்னும் மோசமாகும், ஏனெனில் தூண் தாங்கி நிற்கும் விளிம்பே உள்ளே ஒடுங்கிவிடுகிறது. ஆகவே, சிதைந்த இடங்களை ஈடுசெய்யும் புதுப்பிப்பு உண்மையிலேயே வலிமை சேர்க்கிறது.

ஆனால் கெடுதல் செய்த புதுப்பிப்பும் உண்டு. 1894-ஆம் ஆண்டு நிலநடுக்கத்துக்குப் பின் வேலையை ஏற்ற பலனோஸ் என்ற பொறியாளர், 1930-களின் தொடக்கம் வரை கற்களை ஏராளமான இரும்புக் கவ்விகளால் பிணைத்தார். பழங்கிரேக்கர்களும் இரும்புக் கவ்விகளைப் பயன்படுத்தியவர்களே. எனினும் அவர்கள் அவற்றைச் சுற்றி உருக்கிய ஈயத்தை வார்த்தார்கள். நம் கோயில்களில் சிலைக்கும் பீடத்துக்கும் இடையே அட்டபந்தனம் சார்த்துவதை அறிந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும்: கடினமான இரண்டு பொருள்களுக்கு நடுவே இளக்கமான ஒன்று இருக்கவேண்டும். ஈயம் இரும்பை ஈரத்திலிருந்து காத்ததோடு, அதிர்ச்சியையும் தாங்கிக்கொண்டது. பிற்கால வேலையில் அந்த ஈயம் இல்லை. இரும்பு துருப்பிடித்துப் பருத்து, தன்னைச் சூழ்ந்திருந்த பளிங்கை உள்ளிருந்தே பிளந்தது. நிலநடுக்கம் செய்யாத சேதத்தை, கல்லைக் காப்பதற்காக வைத்த இரும்பே செய்தது என்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

1975-இல், பார்த்தெனோன் நிற்கும் குன்றான அக்ரோபோலிஸின் நினைவுச்சின்னங்களுக்கான பாதுகாப்புக் குழு அமைந்தது. 1981 நிலநடுக்கம் கோயிலின் கிழக்குப் பக்கத்தைப் பாதித்த பிறகு வேலையின் அவசரம் கூடியது. இப்போது துருப்பிடிக்காத டைட்டானியத்தால் கவ்விகள் செய்கிறார்கள். கற்கள் மிகுதியாக விலகினால் முதலில் கவ்வி வளைந்து கொடுக்கவேண்டும், பளிங்கு உடையக்கூடாது என்று கணக்கிட்டே அதன் பருமனைத் தீர்மானிக்கிறார்கள். கவ்வியை மாற்றிவிடலாம், கோயிலை வடிவமைத்த இக்தினோஸ் காலத்துக் கல்லை மாற்ற முடியாது.

கேள்வி: தூணின் நடுவில் துளையிட்டு, கம்பி வைத்துக் கான்கிரீட் நிரப்பினால் எல்லாச் சிக்கலும் தீர்ந்துவிடாதா? எங்கள் கோயில் திருப்பணியில் அப்படித்தான் செய்தோம்.
— திருப்பணிக் குழு உறுப்பினர் ஒருவர், செந்தூல்

பதில்: உருளைகளை ஒரே தண்டாக்கினால், மூட்டுகள் அனைத்திலும் பகிர்ந்து செலவாகிக்கொண்டிருந்த ஆற்றல் ஓரிடத்தில் குவியும்; அங்கே கல் விரிசல் விடும். பின்னால் வருபவர்கள் அதைப் பிரித்துப் பழுதுபார்க்கவும் இயலாது. தங்கள் கோயில் வேறு வகை. மலேசியக் கோயில்களில் பெரும்பாலானவை செங்கல்லாலும் கான்கிரீட்டாலும் ஒரே உடம்பாகக் கட்டப்பட்டவை என்பதால், அங்கே கம்பி வைப்பது முறையே. கருங்கல்லைச் சாந்தின்றி அடுக்கிய பழைய மண்டபம் எதற்கேனும் திருப்பணி செய்ய நேர்ந்தால், தயவுசெய்து அந்த முறையை அங்கே கொண்டுபோகாதீர்கள்.

கேள்வி: பார்த்தெனோனை நிலநடுக்கந்தான் இடித்ததா?
— ஒரு மாணவர், ஜார்ஜ் டவுன்

பதில்: இல்லை. உள்ளே சேமித்திருந்த வெடிமருந்து, 1687 செப்டம்பர் 26 அன்று வெனிஸ் படையின் குண்டு பட்டு வெடித்ததில்தான் அதன் நடுப்பகுதி சிதறியது. நிலநடுக்கத்தின் கைவரிசையைப் பார்க்க வேண்டுமானால் கிரேக்கத்திலேயே உள்ள ஒலிம்பியாவுக்குச் செல்லவேண்டும். கி.பி. ஆறாம் நூற்றாண்டு நிலநடுக்கங்களில் சரிந்த ஜீயஸ் கோயிலின் உருளைகள், அரிந்து வைத்த வாழைத்தண்டு வில்லைகள் சாய்ந்தாற்போல் அங்கே வரிசையாகக் கிடக்கின்றன. 2004-இல் ஒரே ஒரு தூணை மட்டும் மீண்டும் நிறுத்தினார்கள்.