நம் பக்கத்தைச் சுட்டுபவர்கள் யார்?

அன்புள்ள தம்பிக்கு,

கந்தரப்பம், கவுனி அரிசி, வெள்ளைப் பணியாரம் என்று எங்கள் வீட்டுப் பக்குவங்களை என் தளத்தில் எழுதி வருகிறேன். மலேசியாவிலிருந்தும் ஆட்கள் வந்து படிப்பதாகக் கணக்குக் காட்டுகிறது. என் பக்கங்களுக்கு இணைப்புக் கொடுத்திருக்கும் தளங்களை எப்படிக் கண்டுபிடிப்பது?

ஒரு வாசகி, கானாடுகாத்தான்

அன்புள்ள ஆச்சி,

கல்யாணத்தில் மொய் செய்தவர் பெயர் நம் வீட்டு ஏட்டிலேயே ஏறிவிடும். இணையத்தில் இணைப்பு கொடுப்பவரின் பக்கத்தில்தான் பதிவாகிறது. பெறுபவருக்குத் தகவல் வராது. டிம் பெர்னர்ஸ்-லீ அமைத்த வலை அப்படிப்பட்டது. 1996இல் ஸ்டான்போர்டில் லாரி பேஜ் ஆராயத் தொடங்கியதும் உங்கள் கேள்வியைத்தான்: ஒரு பக்கத்தை எவையெல்லாம் சுட்டுகின்றன? 'பேக்ரப்' என்ற அந்த முயற்சியே பிறகு கூகுள் ஆயிற்று.

கூகுள் சர்ச் கன்சோல் என்பது தளம் வைத்திருப்பவர்களுக்குக் கூகுள் தரும் இலவசக் கருவி. தளம் உங்களுடையது என்று அங்கே உறுதிசெய்துவிட்டு 'இணைப்புகள்' பகுதிக்குப் போங்கள். உங்களைச் சுட்டும் தளங்களும், அவர்கள் இணைப்பைப் பொதித்திருக்கும் சொற்களும் தெரியும். எல்லா இணைப்புகளும் அதில் வந்துவிடாது. மைக்ரோசாப்டின் தேடுபொறியான பிங், இதே வேலைக்குத் தரும் வெப்மாஸ்டர் கருவியையும் பார்த்துவிடுங்கள்.

எண்ணிக்கையோடு நின்றுவிடாதீர்கள், ஆச்சி. ஒவ்வொரு தளத்தையும் திறந்து படியுங்கள். கவுனி அரிசியைப் பற்றி எழுதும் ஒருவர் எந்த வரியில், எதற்குச் சான்றாக உங்களைக் காட்டுகிறார் என்பதுதான் பொருட்படுத்த வேண்டியது. கைப்பக்குவத்தை எழுத்தில் வைக்கும் உங்களைப் போன்றவர்களுக்கு அப்படியொரு சான்று நூறு குப்பைத் தளங்களின் இணைப்பைவிடப் பெரிது. குப்பைகளைக் கூகுளே பெரும்பாலும் கணக்கில் எடுப்பதில்லை.

மலேசிய வாசகர்கள் வேறு விஷயம். ஒரு தளத்திலிருந்து இணைப்பைத் தட்டி வருபவரின் உலாவி, அந்தத் தளத்தின் பெயரை வழக்கமாகச் சொல்லிவிடும். உங்கள் வருகைக் கணக்கில் அது இருக்கும். வாட்ஸ்அப் குழுவிலிருந்து வருபவர் பெரும்பாலும் 'நேரடி வருகை' என்றே பதிவாவார். நம் ஊர்ப்பக்கத்துக் குடும்பங்கள் ஊர்விட்டு ஊர் பகிர்ந்துகொள்வது இன்று அந்தக் குழுக்களில்தானே? அவர்களை எந்தக் கருவியும் காட்டாது. பக்கத்தின் அடியில் "எங்கிருந்து வந்தீர்கள்?" என்று கேட்டுவிடுங்கள், சொல்வார்கள்.

இணைப்பே தராமல் எடுத்துப் போடுபவர்களும் உண்டு. உங்கள் நடையில் மட்டுமே வரக்கூடிய ஒரு வாக்கியத்தை மேற்கோள்குறிக்குள் இட்டுத் தேடுங்கள். அகப்பட்டால் அந்த முகவரியை எனக்கு அனுப்புங்கள். உங்கள் பெயரும் இணைப்பும் சேர்க்கச் சொல்லி அவர்களுக்கு எழுத வேண்டிய கடிதத்தை நான் எழுதித் தருகிறேன்.