மொழி மேடை: ‘என் வீடு’ ஏன் தலோமி இல்லை?

கேள்வி: ஃபின்னிஷ் மொழியில் ‘நான்’ என்பது மினா. ‘தலோ’ என்றால் வீடு. ‘என் வீடு’ என்பது தலோமி ஆகாமல் தலோனி ஆகிறதே, மகரம் எங்கே போனது?

பதில்: மகரம்தான் பழையது. ஃபின்னிஷுக்கும் அதன் உறவு மொழிகளுக்கும் தாயான யுராலிக் மூலமொழியில் ‘என்’ என்பதற்கான ஒட்டு -மி. அதற்கும் மினாவுக்கும் வேர் ஒன்றே. உடைமை ஒன்றென்றால் -மி நேராக ஒட்டும். பலவென்றால் நடுவில் ஒரு ‘ன்’ வரும். அந்த ‘ன்’ மகரத்தை விழுங்கி -னி ஆனது என்பதே பலரும் ஏற்கும் விளக்கம். ரஷ்யாவில் பேசப்படும் எர்சியா மொழியில் இந்த வேறுபாடு இன்றும் உண்டு: குடோம் என்றால் என் வீடு, குடோன் என்றால் (நம்மூர்க் கிடங்கு அல்ல) என் வீடுகள். ஃபின்னிஷில் -னி இரண்டுக்கும் பொதுவாகிவிட்டது. ‘உன்’ என்பதற்கான -ஸியும் முன்பு -தி. இகரத்துக்கு முன் தகரம் ஸகரமாகத் திரிந்ததன் விளைவு. நம் எந்தை, நுந்தை, தந்தையிலும் மூவிடம் உண்டு, ஆனால் சொல்லின் முன்னால்.

கேள்வி: கால் ‘யல்கா’, காலின் ‘யலன்’. ‘என் காலின்’ என்பதற்கு யலனி என்று எழுதினேன், தவறு என்கிறார்கள்.

பதில்: யல்கானி என்பதே சரி. அசை மெய்யில் முடிந்தால் ககரம் மறையும், அதனால்தான் யலன். உடைமை ஒட்டு வந்தால் வேற்றுமை ‘ன்’ விழும், ககரம் நிற்கும். யல்காம்மெ (எங்கள் கால்) என்பதில் அசை மெய்யில் முடிந்தும் ககரம் மறைவதில்லை. பன்மைக்குறி ‘த்’தும் இப்படியே விழுவதால் தலோனி என்ற ஒரே வடிவம் என் வீடு, என் வீட்டின், என் வீடுகள் மூன்றுக்கும் பொருந்தும். எழுவாயாக வந்தால் வினையைப் பாருங்கள்: ‘ஒன்’ என்றால் ஒருமை, ‘ஒவத்’ என்றால் பன்மை. இல், இருந்து போன்ற உருபுகள் விழாது. ஒட்டு அவற்றுக்குப் பின்னால் வரும்: தலோஸ்ஸானி, என் வீட்டில்.

கேள்வி: எஸ்டோனியனில் இந்த ஒட்டுகளே இல்லையாமே?

பதில்: ஆம். ‘மினு மயா’ (என் வீடு) என்று தனிச்சொல்லாகவே சொல்வார்கள். ஃபின்லாந்துப் பேச்சுவழக்கும் அந்தப் பக்கம்தான் போகிறது: ‘முன் தலோ’ (இங்கே ‘முன்’ என்பது ஃபின்னிஷில் ‘என்’). எழுத்தில், குறிப்பாகப் படர்க்கையில், ஒட்டை விடாதீர்கள். ‘பெக்கா விற்றான்’ என்பதற்குப் பின் அவுதோன்ஸா (அவுதோ என்றால் கார், -ன்ஸா படர்க்கை ஒட்டு) என்று மட்டும் வந்தால் தன் காரை விற்றான். ஹானென் (அவருடைய) அவுதோன்ஸா என்றால் விற்றது வேறொருவர் காரை.